வழக்கம்போல் உட்காருங்கள் என்றார்கள்

அந்த நாற்காலி வேண்டாம், அதன் கால் ஆடும். இப்படி என் பக்கத்தில் அமருங்கள். பின்னிருக்கைப் பயணியாகத்தானே வந்திருக்கிறீர்கள்? உங்கள் கையிலிருக்கும் நீல அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். சென்ற புதன்கிழமை வரை அந்த அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. அதற்காகக் கூச வேண்டாம். உங்கள் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. என் வருத்தமெல்லாம் வேறு.

என் பெயர் சிவக்கொழுந்து. காஞ்சிபுரம். மின்வாரியத்தின் மீட்டர் சோதனைக் கூடத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நான் முத்திரை வைத்த மீட்டரை மறுபடியும் சோதிக்க வேண்டும் என்று ஒருவரும் சொன்னதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எப்படிப்பட்டவன்மேல் இவர்கள் பழி போட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன்.

இங்கே என்ன வேலை என்று உங்களிடம் விளக்கியிருப்பார்கள். விளக்கியிருந்தாலும் நான் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கொட்டகைக்குள் துணி போர்த்தி நிறுத்தியிருக்கிறார்களே, அது வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் மின்சாரக் கார். அரசர்களும் பெருஞ்செல்வர்களும் வாங்கக்கூடியது. அவர்கள் யாரும் தாமாக ஓட்டப்போவதில்லை, பின்னால்தான் அமர்வார்கள். ஆகவே பின்னால் அமர்ந்திருப்பவருக்கு எந்த அசைவும் தெரியாத வண்ணம் மின்விசை ஒரே சீராகச் சக்கரத்துக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். முன்னால் ஓட்டுநர். பின்னால் வயதில் மூத்த, பொறுமையுள்ள ஒருவர். இங்கிருந்து காஞ்சிபுரம் வரை போய்த் திரும்ப வேண்டும். திரும்பியதும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இவ்வளவுதான்.

அந்தக் காருக்குள் இன்னும் நீங்கள் ஏறவில்லை அல்லவா? ஏறிப் பாருங்கள். கதவைச் சாத்தியதும் உலகம் வெளியே நின்றுவிடும். கூரையில் சிறுசிறு விளக்குகளை விண்மீன்களைப்போலப் பதித்திருக்கிறார்கள். முன்னிருக்கைக்கும் நமக்கும் நடுவில் ஒரு தடுப்புத் திரை. மோட்டாரின் ஓசை என்பதே கிடையாது. நான் நாற்பது ஆண்டுகளாக நாள்தோறும் பதிகம் ஓதுகிறவன். வீட்டில் ஓதத் தொடங்கினால் மிக்ஸி ஓடும், தொலைக்காட்சி அலறும், மருமகள் “மாமா, கேஸ்காரன் வந்திருக்கான்” என்பாள். ஒரு பதிகத்தைப் பதினோரு பாடலும் இடையறாமல் முழுமையாக ஓதி முடித்தது என் வாழ்நாளில் அந்தப் பின்னிருக்கையில்தான். கருவறைக்குப் பக்கத்தில் நிற்கும்போது ஒரு குளிர்ச்சி வருமே, அது அங்கே எனக்கு வந்தது. கார் விற்கிறவர்களுக்கு இதெல்லாம் புரியுமா?

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் நாளிலிருந்தே அவர்களுக்கு ஒரு சிக்கல். கணிப்பொறியில் மின்விசையின் அளவு ஒரு கோடாக வரும். நேராகப் போக வேண்டிய அந்தக் கோடு ஏழு இடங்களில் கீழே இறங்கிற்று. மறுநாளும் ஏழு இடங்கள். அதே ஏழு இடங்கள். கன்னியப்பன் என்று ஓர் ஓட்டுநர், அவர்தான் உங்களையும் அழைத்துப் போவார். அவர் காலை எடுக்காமல் ஒரே அழுத்தமாக அழுத்திக்கொண்டிருந்தும் வண்டி தானாகவே தளர்ந்தது, பிறகு தானாகவே விசை பெற்றது. நாமாக உணர முடியாது, அவ்வளவு மென்மை. ஆனால் கோடு காட்டிக்கொடுத்துவிட்டது.

இந்தச் சோதனைக்குப் பொறுப்பாளர் அருட்செல்வி என்கிற பெண். திருப்பத்தூர்ப் பக்கம். முப்பது வயதுகூட இருக்காது. நல்ல பெண்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு நாளும் வண்டி வந்து நின்றதும் ஓடிவந்து கதவைத் திறப்பாள். “ஐயா, ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சுதா?” என்பாள். “ஒன்றுமில்லையம்மா” என்பேன். படிவத்தில் எழுதுவேன். சீட் பெல்ட் அணிந்தீர்களா? அணிந்தேன். பயணத்தில் குறிப்பிடத்தக்கதாக ஏதேனும் நிகழ்ந்ததா? ஏதுமில்லை. கையொப்பம். பதினான்கு நாட்கள், பதினான்கு படிவங்கள். ஒரு சொல்கூட அடித்துத் திருத்தாதவை.

அவர்கள் என்னென்னவோ ஆராய்ந்தார்கள். மேலே போகிற உயர் அழுத்த மின்கம்பிகளால் இருக்குமோ என்றார்கள். அப்படி இருக்காது, கம்பி வேறெங்கோ போகிறது, வண்டி வேறெங்கோ தளர்கிறது என்று அனுபவத்தால் நானே எடுத்துச் சொன்னேன். சாலை மேடாக இருக்குமோ என்றார்கள். பேட்டரி சூடேறுகிறதோ என்றார்கள். கடைசியில் அந்தப் பெண் மின்விசைப் பெட்டியின் முத்திரையை உடைத்துத் திறந்துவிட்டாள். ஒருமுறை இல்லை, இருமுறை. தயாரிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல். முத்திரை என்றால் என்ன என்பதை எங்கள் கூடத்தில் வந்து கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அனுமதிக்குக் காத்திருந்தால் மூன்று வாரம் ஆகும், அதற்குள் கெடு முடிந்துவிடும் என்றாளாம். இவளது ஒப்பந்தப் பணி இந்த மாதம் நிரந்தரமாவதாக இருந்தது, அந்த அவசரம் வேறு. கன்னியப்பன் தேநீர் குடிக்கும்போது என்னிடம் சொன்னார். “பாவம் சாமி அந்தப் பொண்ணு. ரெண்டு வருசமா இதுக்குத்தான் உயிரக் குடுத்துக்கினு இருக்குது.”

பதினான்காம் நாள் வண்டியிலிருந்து நான் இறங்குகிறேன், கோடு இறங்கிய ஏழு இடங்களையும் குறித்த சாலை வரைபடத் தாளோடு அவள் நிற்கிறாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

“ஐயா, ஒண்ணு கேக்கணும். வழியில கோயில் வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?”

இது என்ன கேள்வி? “கும்பிடுவேன்” என்றேன்.

“எப்படிக் கும்பிடுவீங்க?”

“எல்லாரும் எப்படிக் கும்பிடுவார்களோ அப்படி.”

“உக்காந்தபடியேவா?”

எனக்குச் சினம் வந்துவிட்டது. “இறைவன் திருமுன்னால் செருப்புக் காலோடு, இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்தபடி கும்பிட நான் என்ன படுக்கையில் கிடக்கிறேனா? செருப்பைக் கழற்றுவேன். பெல்ட்டை விடுவிப்பேன். எழுந்து, தலை கூரையில் இடிக்காமல் குனிந்து, இரு கைகளையும் கூப்புவேன். பிறகு அமர்ந்து பெல்ட்டை மாட்டிக்கொள்வேன்.”

“எத்தனை கோயில்ல?”

“போகும்போது ஏழு. திரும்பும்போது அவை வலப்புறமாகிவிடும், எதிரே லாரிகள் மறைத்துக்கொள்ளும், மனத்தால் வணங்குவேன்.”

அந்தப் பெண் அப்படியே வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டாள். கன்னியப்பன் சிரித்தார் பாருங்கள், கண்ணில் நீர் வரச் சிரித்தார். “இன்னா சாமி! பதினாலு நாளா நாங்க வண்டி வயித்தைக் கிழிச்சிப் பாத்துக்கினு இருக்கோம். நீங்க திரைக்குப் பின்னாடி அபிசேகம் பாத்துக்கினு இருந்தீங்களா? பஞ்சர் கடைப் பிள்ளையாரு கூடவா?”

“பஞ்சர் கடையில் இருந்தால் பிள்ளையார் இல்லையா?” என்று கேட்டேன். 

செய்தி இதுதான். அந்த இருக்கைக்குள் எடையை அளக்கும் கருவி இருக்கிறதாம். பின்னால் இருப்பவர் பெல்ட்டைக் கழற்றி எழுந்தால், பெரிய மனிதர் இறங்க விரும்புகிறார், அல்லது அவருக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வண்டியே கருதிக்கொண்டு, ஓட்டுநரைக் கேளாமல் விசையைக் குறைக்குமாம். இருக்கை செய்தவர்கள் இதை மோட்டார் செய்தவர்களிடம் சொல்லவில்லை. மோட்டார் செய்தவர்கள் இவளிடம் சொல்லவில்லை. இவள் என்னிடம் கேட்கவில்லை. இதில் என் பிழை எங்கே இருக்கிறது? சொல்லுங்கள். பெல்ட் அணிந்தீர்களா என்று கேட்டார்கள், அணிந்தேன். இடையில் கழற்றினீர்களா என்று கேட்டார்களா? குறிப்பிடத்தக்கது ஏதும் நிகழ்ந்ததா என்றார்கள். மூச்சு விட்டேன், இமைத்தேன், கோபுரத்தைக் கண்டு கும்பிட்டேன். இவை நிகழ்ச்சிகளா?

அவள் உடனே கணிப்பொறியில் தட்டி ஒரு தாளைக் கொண்டுவந்தாள். கையொப்பமிடச் சொன்னாள். அதில் என்ன இருந்தது தெரியுமா? “பயணியின் முறையற்ற அசைவினால் மின்விசை குறைந்தது.” முறையற்ற அசைவு! நாற்பது ஆண்டு வழிபாட்டுக்கு அந்தப் பெண் சூட்டிய பெயர்.

“இதில் நான் கையொப்பம் இடமாட்டேன்” என்றேன்.

“ஐயா, அது அவங்க ஃபார்ம்ல இருக்கிற வார்த்தை. வேற ஒண்ணும் இல்ல. இது இல்லன்னா, நான் பெட்டியைத் திறந்ததாலதான் கோளாறுன்னு என் தலையில கட்டிடுவாங்க.”

“உன் தலையில் கட்டுவார்கள் என்பதற்காக ஈசன் தலையில் கட்டலாமா?” என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? அவள் தாளை மடித்துக்கொண்டாள்.

பிறகு தயாரிப்பாளரின் ஆள் வந்தார். ஹென்ரிக் என்று பெயர். பனைபோல உயரம், பேச்சில் தன்மை. பின்னிருக்கையிலிருந்து எழுந்தால் விசை குறைகிறது என்பதை அவரே இங்குள்ள ஓடுபாதையில் எழுந்து பார்த்து ஒப்புக்கொண்டார். ஆனால் பதினான்கு நாளும் குறைந்தது அதனால்தான் என்பதற்கு என்ன சான்று என்றார். சான்றாக இருப்பவை என் படிவங்கள். அவற்றில் ஏதுமில்லை, ஏதுமில்லை என்று நானே எழுதியிருக்கிறேன். இந்தப் பெண் முத்திரையை உடைத்துத் திறந்து உள்ளே எதையோ கெடுத்துவிட்டு, வயதான ஒருவர்மேல் சாட்டுகிறாளோ என்று அவருக்கு ஐயம். நானாக இருந்தாலும் அப்படித்தான் ஐயுற்றிருப்பேன். சோதனைக்காரன் ஐயுற வேண்டும்.

ஆகவே புதன்கிழமை ஒரு பயணம் வைத்தார்கள். நடுத்திரையை விலக்கிவிட்டார்கள். முன்னால் கன்னியப்பன். அவர் பக்கத்தில் ஹென்ரிக், மடியில் கணிப்பொறி. பின்னால் என் பக்கத்து இருக்கையில் அருட்செல்வி. புறப்படும் முன் என் காதருகே குனிந்து சொன்னாள்.

“ஐயா, வழக்கம்போல உக்காருங்க. வழக்கம்போலக் கும்பிடுங்க. அவர் கண்ணால பாத்துட்டார்னா போதும். வேற எதுவும் வேணாம் ஐயா.”

சரியென்று தலையசைத்தேன். உண்மையிலேயே கும்பிடத்தான் எண்ணியிருந்தேன்.

பஞ்சர் கடைப் பிள்ளையார் வந்தார். ஹென்ரிக் கழுத்தை முழுதாகத் திருப்பி என்னைப் பார்க்கிறார். அவள் பார்க்கிறாள். கன்னியப்பன் கண்ணாடியில் பார்க்கிறார். “சாமி, வந்தாச்சி” என்கிறார், ஏதோ பேருந்து நிறுத்தத்தைச் சொல்வதுபோல. என் கை பெல்ட்டின் பொத்தானுக்குப் போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நான் எழுந்தால் கணிப்பொறியில் ஒரு கோடு இறங்கும். அதற்காக எழ வேண்டும். கும்பிடுவது என்ன சுவிட்சா? யாரும் பார்க்காமல் செய்ததை, மூன்று பேர் பார்க்கட்டும் என்று செய்தால் அது என்ன வழிபாடு? நாடகம். இறைவனை முன்னிறுத்தி மோட்டாருக்குக் காட்டும் நாடகம். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது அம்மன் கோயில். அவள் “ஐயா” என்றாள். நான் நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெருமாள் கோயில். “ஐயா, உடம்பு சரியில்லையா?” நான்காவது குளக்கரைச் சிவன்.  அந்தச் சந்நிதியைக் கடக்கும்போது எழாமல் இருப்பது எனக்கு எளிதாக இருந்தது என்றா நினைக்கிறீர்கள்? பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்த நோன்பின் கடுமை யாருக்குத் தெரியும்? ஐந்தாவதில் அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆறாவதில் தன் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஏழாவது பெரிய கோபுரம், அரை கிலோமீட்டருக்கு முன்பே தெரியும். கன்னியப்பன் தாமாகவே வண்டியை மெதுவாக்கப் பார்த்தார். அதற்குள் ஹென்ரிக், வேகத்தை மாற்றாதே என்று கைகாட்டிவிட்டார்.

கோடு நேராகப் போயிற்று. ஒரு முடியளவுகூட இறங்கவில்லை.

திரும்பி வந்ததும் ஹென்ரிக் ஏதோ கேட்டார். அவள் தமிழில் சொன்னாள், குரல் தாழ்ந்திருந்தது. “தினமும் இப்படித்தான் போவீங்களான்னு கேக்கிறார்.”

நான் சொன்னேன்: “என் வழிபாடு அலுவலகத்தில் பேசுகிற பொருள் அல்ல.”

அவள் அதை மொழிபெயர்த்தாளா, எப்படி மொழிபெயர்த்தாள், எனக்குத் தெரியாது. ஹென்ரிக் மரியாதையாக என் கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். கன்னியப்பன்தான் கத்தினார். “ஒரு கோயிலு, சாமி! ஏழுல ஒண்ணு! அந்தப் பஞ்சர் கடைக்காரனுக்காச்சும் ஒரு கும்பிடு போட்டிருக்கக் கூடாதா?” எனக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். வயதுக்கு மரியாதை இல்லை.

அன்று மாலை அவள் வெளிக்கதவு வரை என்னோடு நடந்து வந்தாள். “கையெழுத்து வேணாம் ஐயா. நீங்களே உங்க வார்த்தையில எழுதிக் குடுங்க. என்ன வார்த்தை வேணும்னாலும் போடுங்க. அவர் வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குப் போறார். அதுக்குள்ள குடுத்துடுங்க” என்றாள். எழுதித் தருகிறேன் என்று வாக்களித்தேன். வாக்களித்தால் செய்கிறவன் நான்.

ஆனால் எழுதுவது எளிதா? ஒரு காகிதத்தில் என் கையால், ‘ஏழு திருக்கோயில்களை நான் வணங்காமல் கடந்தேன்’ என்று எழுத வேண்டும். எழுதி அலுவலகத்தில் கொடுத்தால் அது கோப்பில் நிற்கும். வியாழக்கிழமை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். மறந்துவிட்டேன் என்று எழுதலாம், அது பொய். மறுத்துவிட்டேன் என்று எழுதலாம், அது செருக்கு. வெள்ளிக்கிழமை பிரதோஷம், விரதம், எழுதுகோலைத் தொடவில்லை. சனிக்கிழமை சொற்கள் கூடிவந்தன. ஞாயிறு நகலெடுத்தேன். மூன்று பக்கம். முதல் இரண்டு பக்கத்தில், வழிபடும் பயணியைக் கண்டு தளர்ந்துபோகும் கார் குறையுள்ள கார்தான் என்பதை ஒன்பது காரணங்களோடு நிறுவியிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தின் கடைசியில் உண்மையை உள்ளபடி எழுதினேன். பதினான்கு நாட்களும் ஏழு இடங்களிலும் எழுந்து வணங்கினேன், புதன்கிழமை மட்டும் எழவில்லை என்று. கையொப்பம், தேதி.

இன்று காலை பத்து மணிக்கு இங்கேதான் வந்து கொடுத்தேன். அவள் நின்றபடியே மூன்று பக்கத்தையும் படித்தாள். கையில் ஓர் அட்டைப்பெட்டி. தண்ணீர்ப் புட்டி, மின்விசிறி போன்ற சிறு கருவி, ஒரு சோடிக் காலணி.

“நல்லா எழுதியிருக்கீங்க ஐயா” என்றாள்.

“அப்படியானால் ஹென்ரிக்குக்கு அனுப்பிவிடு.”

“சனிக்கிழமையே எனக்கு மெயில் வந்துடுச்சு ஐயா. இன்னிக்கோட முடிஞ்சுது. லேப்டாப்பை ஒப்படைச்சிட்டு நான் கிளம்பணும்.”

பார்த்தீர்களா? நான் ஐந்து நாள் உறங்காமல் எழுதிக் கொண்டுவந்தால், முடிந்துவிட்டது என்கிறார்கள். ஒரு முதியவன் எழுதுவதற்கு இரண்டு நாள் பொறுக்கக் கூடாதா? எங்கள் வாரியத்தில் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். “கோப்பிலாவது வை” என்றேன். “வைக்கிறேன் ஐயா” என்று தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். கோப்பில் வைக்கவில்லை, தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

போனவள் திரும்பி நின்றாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு சொல் சொல்லியிருப்பேன்.

“ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறேன். அன்னிக்கு ஏழு கோயிலையும் பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தீங்களே, பக்கத்திலதானே நானும் உக்காந்திருந்தேன். ஒரு தடவையாவது என்னைப் பத்தி நினைச்சீங்களா?”

முப்பத்து நான்கு ஆண்டுகள் மேலதிகாரி கேட்டாலும் சரி, கடைநிலை ஊழியர் கேட்டாலும் சரி, கேட்ட வினாவுக்கு விடை சொல்லாமல் நான் இருந்ததில்லை. ஆனால் நா எழவில்லை. அவள் பெட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, “சரி ஐயா, வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்புங்க” என்று உள்ளே போய்விட்டாள்.

பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். காவலாளி இரண்டு முறை வந்து, “வேலை முடிஞ்சுதுல்ல, கிளம்புங்க பெரியவரே” என்று சொல்லிவிட்டார். வேலை எங்கே முடிந்தது? விடை என்னிடம் இருக்கிறது. ஒரே சொல். வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டு வரக்கூடியது இல்லை.

அதோ உங்கள் பெயரைக் கூப்பிடுகிறார்கள், போங்கள். நான் இங்கேயே இருக்கிறேன். அவள் வெளியே வருவதற்கு இந்த ஒரு கதவுதான்.